கலயமும் எல்லைக்கோடும்
(சத்தியவேட்டுச் சாலையில் ஒரு வரலாற்று வழிநடை)

இங்கிலாந்தில் குடியேறி வாழும் நம் நண்பர் ஒருவர், விடுமுறை நாளொன்றில் தம் ஊரில் மேற்கொண்ட ஒரு நடைப்பயணத்தைப் பற்றி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஊரின் பழைய மதுமனைகள் ஆறேழினைக் கையில் ஒரு வரைபடத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தே சென்று கண்டு வருவதுதான் அப்பயணம். முளைகட்டிய பார்லியிலிருந்து வடிக்கப்படும் 'ஏல்' என்னும் பானம் அங்கே பழமையானது. அதனை நுண்மையாக வடிகட்டாமலும், சூடேற்றி அதன் நொதியைக் கொல்லாமலும், பரிமாறும் பீப்பாய்க்குள்ளேயே பதமுற விடுவதைத்தான் 'மெய்யான ஏல்' என்கிறார்களாம். பெருந்தொழிற்சாலைகளின் பீர் பெருகி இது மறைந்துவிடும் என்று அஞ்சி, 1971ஆம் ஆண்டு அதனைக் காப்பதற்கென்றே அந்நாட்டில் ஓர் இயக்கம் தோன்றி இன்றளவும் நடந்து வருகின்றது. 'நம் ஊர்ப் பக்கத்தில் இத்தகைய வழிநடை ஏதேனும் உண்டா?' என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார் நண்பர்.

முதலில் நாம் சிரித்துக்கொண்டோம். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய் இருந்து, கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் நமக்குக் கள்ளுக்கடை வழிநடை எதற்கு? அதிலும், மதுவை வாயால் தீண்டுவதில்லை என்று எம் பாட்டியாருக்குச் சிறு வயதிலேயே சொல் கொடுத்தவர் நாம். ஆயினும் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில், எம் தாய்வழிப் பாட்டியாரின் ஊர் சத்தியவேட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூர். கள்ளின் வரலாறும் மாநில எல்லையின் வரலாறும் ஒரே பனையடியில் பின்னிக் கிடக்கும் இடம் ஒன்று உண்டெனில், அது அந்தச் சத்தியவேட்டுச் சாலைதான்.

முதல் வழிகாட்டி

மதுவின் சுவை சொல்லி வழிகாட்டும் நூல் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில் அமைந்த ஒரு வழிநடைக் கையேடே அன்றோ! காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு, இன்ன நிலத்தில் இன்னார் வாழ்வர், இன்ன உணவு தருவர் என்று அது படிப்படியாய்க் கூறிச் செல்கின்றது.

அவ்வழியில் வலைஞர் குடியிருப்பு வருகின்றது. அங்கே மது வடிக்கும் முறையைப் புலவர் ஓர் ஆய்வுக்கூடக் குறிப்பைப் போல விளக்குகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். முளையால் ஆனது என்று உரையாளர் கொள்ளும் நல்லடையை அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் வைத்து விளையச் செய்து, விரலால் அலைத்துப் பிழிகின்றனர். முளைகட்டிய தானியத்தின் மாவு இனிப்பாக மாறுவதும், அந்த இனிப்பு நொதித்து மதுவாவதும் ஆகிய இவ்விரு வினைகளே இங்கிலாந்தின் ஏலுக்கும் அடிப்படை. நண்பர் வியந்து எழுதிய பானத்தின் உடன்பிறப்பு, தொண்டை நாட்டு வலைஞர் சாடியிலேயே விளைந்திருக்கின்றது!

கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி, வேரி என்று நம் முன்னோர் இதற்கு வைத்த பெயர்கள் பல. வீட்டில் சமைத்த நெல்மதுவுக்குத் தோப்பி, தெளிந்ததற்குத் தேறல், பிழிந்ததற்குப் பிழி. அதே தமிழில்தான் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து வள்ளுவரும் அறம் கூறினார். போற்றிய குரலும் தடுத்த குரலும் ஒரே மொழியில் ஒலித்தன என்பதை நினைவிற்கொண்டே நம் வழிநடையைத் தொடங்கலாம்.

சுருட்டப்பள்ளி

பங்குனித் திங்களில், பாளை சீவும் பருவத்தில், ஊத்துக்கோட்டையிலிருந்து புறப்பட்டோம். ஊத்துக்கோட்டை தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தது. ஊரைக் கடந்து திருப்பதிச் சாலையில் சிறிது தொலைவு நடந்தால் ஆந்திரம். கடைப்பலகைகளின் எழுத்து மாறுகின்றது, பேச்சு மாறவில்லை. இரு மொழியும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் மண் அது.

முதல் தங்கல் சுருட்டப்பள்ளி. ஆரணியாற்றின் கரையிலுள்ள இத்தலத்தில் இறைவன் இலிங்க வடிவில் மட்டும் அமையாமல், உமையின் மடியில் தலை சாய்த்துப் பள்ளிகொண்ட கோலத்திலும் காட்சி தருகின்றான். ஆலகால நஞ்சை உண்ட களைப்பால் சுருண்டு சாய்ந்த இடமாதலின் சுருட்டப்பள்ளி ஆயிற்று என்று ஊரார் கூறுவர். உண்டது நஞ்சு, தாங்கியது மனையாளின் மடி. கள்ளைப் பற்றி எண்ணிக்கொண்டு வந்த நமக்கு அத்திருக்கோலம் வேறொரு பொருளும் சொல்லிற்று. எம் பாட்டியாரின் மடி நினைவுக்கு வந்தது.

எம் பாட்டனார் நல்ல உழவர்; ஆனால் மாலை மயங்கினால் பனந்தோப்புக்குச் சென்றுவிடுவார். ஒரு காணி நிலம் அவ்வாறே கைமாறிப் போயிற்று. தோப்பிலிருந்து தோளில் தாங்கி அவரை வீடு சேர்த்த இரவுகளைப் பாட்டியார் எண்ணி வைத்திருந்தார். நமக்குச் சொல்லியும் இருக்கின்றார்.

கோடு இடம் மாறிய கதை

இங்கே சற்று நின்று வரலாற்றைப் பார்க்க வேண்டும். கள் என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று அரசின் கருவூலத்தை நிரப்பிய பொருள். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. பின்னர் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அதே நாளில் அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு நீண்டது. கள்ளுக்கடை தந்த வருவாய் போனதை ஈடுசெய்யவே 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று கடையில் நாம் செலுத்தும் வரியின் மூதாதைக்கும் கள்ளுக் கலயத்துக்கும் இப்படியோர் உறவு உண்டு.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 1938இல் சித்தூர் மாவட்டம் மதுவிலக்குப் பெற்றது. ஆனால் சத்தியவேடு அன்று சித்தூரில் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஆகவே, அடுத்தடுத்த ஊர்களாயினும் அந்தப் பக்கத்துப் பனையில் கள் குற்றம். இந்தப் பக்கத்துப் பனையில் கள் வருவாய்! சித்தூர்ப் பக்கத்து உறவினர் அந்நாளில் அடிக்கடி விருந்தாய் வந்ததன் காரணம் தமக்குத் தெரியும் என்று பாட்டியார் நகைத்துக் கூறுவதுண்டு. போர்க்காலத்தில், ஆளுநர் ஆட்சியின்போது, மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலைக் காலத்தில் மீண்டும் படிப்படியாய் விரிந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராய் இருந்தபோது, 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதையும் தழுவிற்று.

'அதன் பிறகுதான் நம் வீட்டில் இரண்டு வேளையும் உலை கொதித்தது' என்பார் பாட்டியார். அந்த ஒரு சொற்றொடரைவிடச் சிறந்த சான்று மதுவிலக்குக்கு வேறு வேண்டுமோ?

ஆனால் அவர் அதனோடு நிறுத்தியதில்லை. எம் பாட்டனாருக்குக் கள் வார்த்த மரமேறியின் வீட்டில் அதே நாள்களில் உலை அவிந்தது. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து மரமேறிகளுக்கு மாற்றுத் தொழில் தர அரசு முயன்றது உண்மை. எனினும் எல்லார்க்கும் அது எட்டவில்லை. பதநீர் காய்ச்ச விறகும் வேண்டும், வெல்லம் விற்கச் சந்தையும் வேண்டும். தம் கணவரைக் கெடுத்தவர் என்று யாரை ஏசினாரோ, அந்த மரமேறியின் பிள்ளைகளுக்கே பாட்டியார் கூழ் ஊற்றினார்.

கள்ளும் எல்லையும் ஒரு மனிதரிடத்தே சந்தித்ததும் உண்டு. சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம் அவர்கள் கள்ளிறக்கும் தொழிலைச் சார்ந்த கிராமணியார் மரபில் பிறந்தவர். பிறந்த மரபின் பிழைப்புக்கு இடையூறாயினும் மதுவிலக்கை ஆதரித்து நின்றார். வடவெல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. அப்போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதே நாளில், அதே சட்டத்தால், சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. திருத்தணி கிடைத்ததை நாம் விழா எடுத்துப் பேசுகின்றோம்; சத்தியவேடு போனதைப் பேசுவோர் குறைவு.

சத்தியவேட்டுச் சாலை

மறுநாள் விடியலில் சத்தியவேட்டுச் சாலையில் நடந்தோம். இருமருங்கும் பனைகள், இடையிடையே ஈச்ச மரங்கள். ஒரு பனையடியில் கலயங்களோடு முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். 'வாங்க தம்பி' என்று தமிழில் அழைத்தவர், அடுத்த நொடியே மரத்தின்மேல் இருந்தவரிடம் தெலுங்கில் ஏதோ கூறினார். தமிழில் கள், தெலுங்கில் கல்லு. எல்லையைக் கடக்கும்போது அச்சொல்லில் நா சற்றே இடம் மாறுகின்றது, அவ்வளவே வேறுபாடு.

பெரியவர் நமக்குத் தொழிலை விளக்கினார். காலில் தளைநார் மாட்டி மரமேற வேண்டும். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நாரால் கட்டி, நாள்தோறும் நுனியை மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவல் சற்றுத் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். சீவாமல் ஒரு நாள் விட்டால் ஊறல் நின்றுபோகும். ஆகவே மரமேறிக்குத் திருநாளும் இல்லை, விடுப்பும் இல்லை.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கிடைப்பது பதநீர். தடவாமல் கட்டினால், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றது. கீழே இறக்கும்போதே கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுத்து நிறுத்துகின்றது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு விரல் சுண்ணாம்பு இரண்டையும் பிரிக்கின்றது.

'எவ்வளவு நேரம் இருக்கும், ஐயா?' என்று கேட்டோம்.

'காலையிலே வந்தா இனிப்பு, உச்சியிலே வந்தா உறைப்பு, பொழுது சாய்ஞ்சா புளிப்பு. நாளைக்கு வந்தா வாயிலே வைக்க முடியாது, தம்பி' என்று சிரித்தார்.

இந்த விடையில் கள்ளின் வரலாறே அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது. கள்ளின் மதுச்சத்து ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு. பெரும்பாலும் பீரை ஒத்தது. ஆனால் அது நொதித்துக்கொண்டே இருப்பதால் நெடுந்தொலைவு செல்லாது, கிடங்கில் அடங்காது, ஒரு நாளில் புளித்துவிடும். ஆகவே அது பிறந்த ஊரிலேயே விற்றாக வேண்டும். அவ்வூரின் மரமேறியை நம்பித்தான் அது வாழ வேண்டும். மெய்யான ஏலுக்கும் இதுவே இயல்பு என்று நண்பர் எழுதியிருந்தார். பீப்பாயைத் திறந்தால் சில நாள்களே தாங்குமாம். அங்கே அந்த மென்மையைக் காக்க இயக்கம் கண்டனர். இங்கே அதற்கு நேர்ந்தது வேறு.

இரண்டு அரசுகள், பல சட்டங்கள்

ஆந்திர மாநிலத்தில் மதுவிலக்கு பெரும் புயலையே கிளப்பிற்று. அதன் நடைமுறையை ஆராய்ந்த இராமமூர்த்தி குழு அதனைக் கைவிடப் பரிந்துரைத்தது. அச்சிக்கலை ஒட்டியே பிரகாசம் அமைச்சரவை 1954 நவம்பரில் கவிழ்ந்தது. பின்னாளில் அம்மாநிலம் மதுவிலக்கைத் தளர்த்திற்று. தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்ட் 30ஆம் நாள் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஏலைக் காக்கும் இயக்கம் பிறந்ததும் அதே ஆண்டே. பின்னர் 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1987 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. அத்தடை இன்றும் நிற்கின்றது. ஆனால் ஆலைகளில் வடித்துப் புட்டியில் அடைத்த மது நிற்கவில்லை. 1983இல் அமைக்கப்பட்ட அரசு நிறுவனமே 2003ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதன் சில்லறை விற்பனையையும் மேற்கொண்டது.

எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்ட என்னும் சிற்றூரின் பெண்கள் 1992இல் சாராயத்துக்கு எதிராய்த் திரண்டனர். எழுத்தறிவு வகுப்புக்கு வந்த உழைக்கும் பெண்கள் எழுப்பிய குரல் அது. அது மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் சாராயத்தை விலக்கச் செய்தது. 1995 சனவரியில் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கையே கொணர்ந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. கள்ளுக்கு அங்கே கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் தனி மரமேறிகளுக்கும் உரிமம் வழங்கும் முறை உள்ளது.

இதனால் ஆந்திரத்துக் கள் தூயது என்று கூறிவிட முடியாது. மரம் தரும் அளவுக்கு மேல் கள் விற்க வேண்டிய இடங்களில் குளோரல் ஐதரேட்டு போன்ற மயக்கப் பொருள்களைக் கலந்த கொடுமை தெலுங்கு நாட்டில் பலமுறை வெளிப்பட்டுள்ளது. மரத்தைப் பார்த்து வார்க்கும் கள் வேறு. தேவையைப் பார்த்து வார்க்கும் கள் வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டம் கண்டுகொள்வதில்லை; குடிப்பவரும் கண்டுகொள்வதில்லை.

ஊத்துக்கோட்டைக்கு அண்மையில், தாமரைக்குப்பத்தில் 'ஜீரோ பாயிண்ட்' என்று ஓர் இடம் உண்டு. 1983இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் புகும் இடம் அது. அங்கிருந்து பூண்டி சென்று, சென்னையின் தாகத்தைத் தணிக்கின்றது. ஆந்திரத்து ஆற்று நீர் உடன்படிக்கையோடு எல்லை கடக்கின்றது. ஆந்திரத்துப் பனையின் கள் கலயத்தோடு கோட்டைத் தாண்டினால் குற்றம். இரண்டும் ஒரே மண்ணின் ஊற்றே.

சத்தியவேட்டில்

நண்பகலில் சத்தியவேடு சேர்ந்தோம். 1960இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்த இவ்வூர், 2022இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுள் வந்தது. செங்கல்பட்டு, சித்தூர், திருப்பதி என்று ஒரே தலைமுறையினர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டனர். வீடு மட்டும் நகரவில்லை. அண்மையில் எழுந்துள்ள ஸ்ரீசிட்டி என்னும் தொழில்நகர் 2008இல் தொடங்கப்பட்டது. வழியில் கண்ட பெரியவரின் மகனுக்கும் அங்கேதான் வேலை. 'அவன் மரம் ஏறமாட்டான். நானும் ஏறு என்று சொல்லமாட்டேன். விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்' என்று அவர் கூறியபோது, அந்தக் குரலில் வருத்தமும் இருந்தது, ஆறுதலும் இருந்தது.

கள்ளை மீட்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் உழவர் அமைப்புகள் குரல் கொடுத்து வருகின்றன. கூடாது என்று அஞ்சுவோரும் பலர். நாம் எப்பக்கம்? பாட்டியாரின் பேரராகிய நமக்கு அவருடைய கண்ணீர் பொய்யில்லை. அவரே கூழ் ஊற்றிய பிள்ளைகளின் பசியும் பொய்யில்லை. ஒரு குடும்பத்தின் உலையைக் கொதிக்க வைத்த சட்டம் மற்றொரு குடும்பத்தின் உலையை அவித்தது, பின்னர் அந்தச் சட்டத்தையும் தளர்த்தியபோது, ஆலை மதுவுக்கு வழி கிடைத்தது, மரமேறிக்குக் கிடைக்கவில்லை. இழப்புகளில் பெரிது இதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது. குடி ஒழிந்திருந்தால் பாட்டியார் மகிழ்ந்திருப்பார். குடி நின்று, பனையேறி மட்டும் ஒழிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

தோப்பி, தேறல், நறவு என்ற சொற்கள் இன்று அகராதியில் உறங்குகின்றன. கடைப் புட்டிகளின் மேல் உள்ள பெயர்களில் ஒன்றேனும் நம் மண்ணின் பெயரில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, தில்லியிலும் மும்பையிலும் கடல் கடந்த நகரங்களிலும் வாழும் நம் பிள்ளைகள், பாட்டன் ஊர் எது என்று கேட்டால் ஒரு மாவட்டத்தின் பெயரைக் கூறுவார்கள். அம்மாவட்டம் மாறியிருக்கலாம், மாநிலமே மாறியிருக்கலாம். பனை மரத்தைக் காட்டி, அதன் நீர் காலையில் எப்படி இனிக்கும், மாலையில் எப்படிப் புளிக்கும், ஏன் ஒருவர் அதனை வெறுத்தார், ஏன் மற்றொருவர் அதனால் வாழ்ந்தார் என்று சொல்லிக் கொடுத்தால், அவர்கள் தம் ஊரை அடையாளம் கண்டுகொள்வர்.

திரும்பும் வழியில் பெரியவர் நம்மை மீண்டும் நிறுத்தினார். பாட்டியாருக்குக் கொடுத்த சொல்லைப் பற்றிக் கூறினோம். அவர் தலையசைத்து, மற்றொரு கலயத்தை எடுத்து, பனையோலையைத் தொன்னையாய் மடித்து வார்த்தார். சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர். ஓலையின் பச்சை மணத்தோடு இனித்தது. காசு கொடுக்க முனைந்தபோது அவர் வாங்கவில்லை.

'உங்க பாட்டி ஊர் எதுன்னு சொன்னீங்க, தம்பி?' என்று கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னோம்.

'நம்ம ஊருதான்' என்றார். எந்த மாநிலம் என்று அவர் கேட்கவில்லை.